பலகை வருமுன் தளம் காயட்டும்: மரத்தரை பற்றி வாசகர் கேள்விகள்

மரத்தரை பற்றி வரும் கடிதங்களில் பாதி, எந்த நிறம், எந்தக் கம்பெனி என்றுதான் கேட்கின்றன. அவற்றை இந்த முறை ஒதுக்கிவிட்டேன். இங்கே இருப்பவை பெரும்பாலும் பலகை வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் பற்றியவை. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: எஞ்சினியர்டு பலகையில் மேலே 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை நிஜ மரம் இருக்கும், அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட். படம் அச்சிட்ட லேமினேட் வேறு சரக்கு.

கேள்வி: மூன்றாவது மாடியில் புது ஃபிளாட். படுக்கையறைகளில் டைல்ஸ் வேண்டாம் என்று சொல்லி, சிமென்ட் தளம் மட்டும் போடச் சொன்னோம். தளம் போட்டு மூன்று வாரம் ஆகிறது. தொட்டால் காய்ந்துதான் இருக்கிறது. கடைக்காரர் அடுத்த வாரமே பலகை போடலாம் என்கிறார். போடலாமா? (மேடவாக்கம்)

பதில்: வேண்டாம். கைக்குத் தெரிவது மேல் தோல் மட்டும்தான். 50 மில்லிமீட்டர் கனமுள்ள சிமென்ட் தளம், நல்ல காற்றோட்டம் இருந்தால், ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் காயும் என்பது இந்தத் தொழிலில் வைத்திருக்கும் கணக்கு. அதற்கு மேல் கனம் என்றால் வேகம் இன்னும் குறையும். இதில் மேஸ்திரி தண்ணீர் கட்டி வைத்திருந்த நாட்கள் சேராது. அந்த ஒரு வாரத்தைக் கழித்தால் உங்கள் தளம் காய ஆரம்பித்தே இரண்டு வாரம்தான் ஆகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். மறுநாள் பிரிக்கும்போது தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, சிமென்ட் அங்கே மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் இன்னும் மேலே வந்துகொண்டிருக்கிறது. ஜன்னலோரம் ஒன்று, பாத்ரூம் சுவரை ஒட்டி ஒன்று, நடுவில் ஒன்று என்று வையுங்கள். பாத்ரூம் பக்கத்துத் தாள்தான் அநேகமாக முதலில் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் இந்தச் சோதனை பாதிதான் பேசும். நீர் தெரிந்தால் ஈரம் நிச்சயம். தெரியாவிட்டால் ஈரம் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. சரியான வழி, தளத்தின் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு, உள்ளே சென்சார் வைத்து, 24 மணி நேரம் கழித்து அளவு பார்ப்பது. உள் ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. பலகைக் கம்பெனியின் தாளில் வேறு எண் போட்டிருந்தால் அதுதான் உங்களுக்குச் சட்டம், ஏனென்றால் வாரண்டியும் அதையொட்டித்தான். இந்தக் கருவி இல்லாமல், சுவரில் குத்தும் சின்ன மீட்டரைத் தரையில் வைத்துக் காட்டி ‘ஓகே சார்’ என்பவர்களை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

காயும் நாட்களில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், மின்விசிறி ஓடட்டும். அடுத்த அறையில் பட்டி பார்ப்பது, ஃபால்ஸ் சீலிங் போன்ற ஈர வேலைகளையும் இந்த இடைவெளியிலேயே முடித்துவிடலாம்.

கேள்வி: பத்து வருடத்து விட்ரிஃபைட் டைல்ஸ். உடைத்து எடுக்காமல் அதன் மேலேயே போட முடியுமா? (கோவை, சாய்பாபா காலனி)

பதில்: முடியும். உடைக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனமும்கூட. தூசி மிச்சம், கூலி மிச்சம், கீழ்வீட்டுக்காரரின் கோபமும் மிச்சம். ஆனால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலில், ஒரு மரக்கட்டையின் நுனியால் ஒவ்வொரு டைலாகத் தட்டுங்கள். நடுவிலும் நான்கு மூலையிலும். ‘டொக் டொக்’ என்று வெற்றொலி வந்தால் அடியில் சிமென்ட் பிடிக்கவில்லை. அந்த டைலைப் பெயர்த்து, குழியை நிரப்பிச் சமப்படுத்த வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்தில் அந்த இடத்தில் கால் வைக்கும்போதெல்லாம் தரை முனகும்.

அடுத்தது தரையின் ஏற்ற இறக்கம். கொத்தனாரிடம் இருக்கும் இரண்டு மீட்டர் அலுமினிய மட்டப்பலகையைத் தரையில் படுக்க வைத்து, அடியில் இடைவெளி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பள்ளத்தை செல்ஃப் லெவலிங் கலவையால் (ஊற்றினால் தானே சமமாகப் பரவும் கலவை) நிரப்பவேண்டும், மேட்டைத் தேய்க்கவேண்டும். அறை முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் பரவாயில்லை. பலகைக்கு ஆகாதது அங்கங்கே இருக்கும் குழிதான். பள்ளத்துக்கு அண்டர்லே ஃபோமை (பலகைக்கு அடியில் விரிக்கும் மெத்தை போன்ற தாள்) இரண்டு மடிப்பாகப் போட்டுச் சமாளிக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். அமுங்கி அமுங்கி, பலகையைப் பக்கத்துப் பலகையோடு கோக்கும் பூட்டு உடைவது அதனால்தான்.

கடைசியாகக் கதவு. 14 மில்லிமீட்டர் பலகை, 2 மில்லிமீட்டர் ஃபோம், மேலே கதவு உரசாமல் திரும்ப 4, 5 மில்லிமீட்டர்: ஆகமொத்தம் 20 மில்லிமீட்டர் சந்து கதவுக்கு அடியில் வேண்டும். நம் வீடுகளில் அவ்வளவு இருக்காது. கடையிலிருந்து ஒரு துண்டுப் பலகையும் ஃபோமும் வாங்கிவந்து, கதவடியில் வைத்துத் திறந்து மூடிப் பாருங்கள். இடித்தால், தரைக்காரர்கள் வருவதற்கு முன்பே ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றி அடியை அறுத்துவிடுங்கள். நிலைச் சட்டத்தின் அடியையும் பலகை கனத்துக்கு அறுத்துவிட்டால், பலகை அதன் கீழே நுழைந்துகொள்ளும். பார்க்கச் சுத்தமாக இருக்கும். தலைவாசல் நிலையில் மட்டும் ரம்பம் வைக்கவேண்டாம். பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், அங்கே அதற்குத் தேவையும் இல்லை.

கேள்வி: தை மாதம் கிரகப்பிரவேசம். அதற்குள் மரத்தரை போட்டு முடித்து, வருகிறவர்கள் பார்க்கும்படி செய்ய ஆசை. (மதுரை)

பதில்: ஆசை நியாயம்தான், வரிசை தப்பு. ஹோமத்துக்குச் செங்கல் அடுக்கி, மணல் கொட்டி, நெய் ஊற்றி, ஒரு மணி நேரத்துக்கு மேல் தீ எரியும். வீடு முழுக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். பால் பொங்கி வழியவேண்டும், அதுதான் மங்களம். மாக்கோலம், மஞ்சள், குங்குமம், ஈரக் காலோடு நூறு பேர். இத்தனையையும் புத்தம்புது ஓக் மரத்தின் மேல் நடத்துவானேன்? சிமென்ட் தரையிலோ டைல்ஸிலோ விசேஷத்தை முடித்துவிட்டுப் பிறகு பலகையைப் போடுங்கள். தளம் காய ஒரு மாதம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது தனி லாபம்.

பூஜையறைக்கு மரம் வேண்டாம். கிரானைட்டோ டைல்ஸோ இருக்கட்டும். குத்துவிளக்கு எண்ணெய் பலகைகளின் இணைப்பில் இறங்கினால் எடுக்க வழியில்லை.

கேள்வி: தரைத்தளத்தில் வீடு. 2015 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீர். 2023 மிக்ஜாம் புயலிலும் உள்ளே வந்தது. இப்போது தெரு மட்டத்தைவிட வீட்டை உயர்த்திவிட்டோம். மரத்தரை போடலாமா? (வேளச்சேரி)

பதில்: போடாதீர்கள். மரம் போலவே தோன்றும் டைல்ஸ் நிறைய வந்துவிட்டது. மிச்சப் பணத்தை பேங்கில் போடுங்கள்.

கேள்வி: பலகைப் பெட்டிகள் வந்துவிட்டன. இடமில்லாததால் கார் நிறுத்துமிடத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம். ஆட்கள் பத்து நாள் கழித்துத்தான் வருவார்கள். (திருச்சி)

பதில்: இன்றைக்கே மேலே ஏற்றுங்கள். எந்த அறையில் போடப்போகிறீர்களோ அந்த அறையிலேயே, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, கீழே கட்டை கொடுத்து, படுக்கையாக அடுக்குங்கள். சுவரில் சாய்த்து நிறுத்தினால் பலகை வளையும். பெரும்பாலான கம்பெனிகள் 48 முதல் 72 மணி நேரம் வரை பெட்டிகள் அறைச் சூழலுக்குப் பழக வேண்டும் என்கின்றன. பெட்டியைப் பிரித்து வைப்பதா, மூடியே வைப்பதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டி மேலேயே அச்சடித்திருப்பார்கள்.

இதில் பலர் கோட்டை விடும் இடம் ஏசி. நீங்கள் குடியேறிய பிறகு தினமும் இரவு ஏசி ஓடப்போகிறது என்றால், பலகை பழகும் நாட்களிலும் அது ஓடியிருக்க வேண்டும். மரம் காற்றின் ஈரத்தைப் பார்த்து உப்பும், வற்றும். வீட்டுக்குள் ஈரப்பதம் 35 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் அது தொல்லை தராது. ஐப்பசி, கார்த்திகையில் கடலோர ஊர்களில் வெளிக்காற்றே 80 சதவீதத்தைத் தாண்டும். அப்போது ஜன்னலைத் திறந்துபோட்டுப் பலகையைப் பழக்கினால், உப்பிய நிலையில் பூட்டிவிட்டு, சித்திரை வெயிலில் இடுக்குகளை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் கருவி சில நூறு ரூபாய்தான். ஒன்று வாங்கி அறையில் வையுங்கள், பிற்பாடும் உதவும்.

ஏசி என்றதும் இன்னொன்று. உள் யூனிட்டின் தட்டில் ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றி, வெளிக்குழாயில் முழுதும் வருகிறதா என்று பாருங்கள். பாத்ரூம் வடிகாலையும் அடைத்து, தரையில் ஒரு நாள் தண்ணீர் தேக்கி வைத்துப் பாருங்கள். படுக்கையறைப் பக்கச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பெயின்ட் கொப்புளித்திருந்தாலோ உப்பு பூத்திருந்தாலோ, பிளம்பர் வேலை முடியாமல் மரத்தரை பேச்சையே எடுக்கக் கூடாது.

கேள்வி: பழைய வீடு, கரையான் தொல்லை உண்டு. எஞ்சினியர்டு மரத்தைக் கரையான் தொடாது என்று கடையில் சொல்கிறார்கள். (கும்பகோணம்)

பதில்: நன்றாகவே தொடும். அடியில் இருப்பது பிளைவுட். அது மருந்தூட்டியதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்படியே இருந்தாலும் தரைக்கும் மருந்து அடிக்கத்தான் வேண்டும். கட்டி முடித்த வீடுகளுக்கான முறை ஐ.எஸ். 6313 தரநிலையின் மூன்றாம் பாகத்தில் இருக்கிறது: சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் சுமார் ஓர் அடிக்கு ஒன்றாகத் துளையிட்டு மருந்தை இறக்கி அடைப்பார்கள். நிலைச் சட்டங்களைத் தட்டிப் பாருங்கள், அலமாரிக்குப் பின்னால் மண் கோடு ஓடுகிறதா என்றும் பாருங்கள். மருந்து தண்ணீரில் கலந்து ஊற்றுவது என்பதால், அடித்த மறுநாளே பலகை போடக்கூடாது. ஒன்றிரண்டு வாரம் விட்டு, ஈரம் மறுபடி அளந்த பிறகே வேலை தொடங்கட்டும்.

கேள்வி: காரைக்குடியில் தாத்தா கட்டிய வீடு. முகப்பிலும் இரண்டாம் கட்டிலும் ஆத்தங்குடிக் கல். நிறம் மங்கிவிட்டது. மேலே மரத்தரை போட்டால் நவீனமாக இருக்குமே?

பதில்: இதற்கு நிபுணர் பதில் ஒன்று, என் பதில் ஒன்று. நிபுணர் பதில்: மிதக்கும் முறையில், அதாவது தரையோடு ஒட்டாமல் பலகைகளை ஒன்றோடொன்று மட்டும் பூட்டிப் போட்டால் கல்லுக்குச் சேதமில்லை, பின்னால் எடுத்தும் விடலாம். ஆனால் அந்தக் காலத்துத் தரைக்கடியில் பாலிதீன் தடுப்பு எதுவும் கிடையாது. மண்ணின் ஈரம் கல் வழியாக மேலே வந்து காற்றில் போய்க்கொண்டிருக்கும். அதை மூடினால் ஈரம் அடியில் தங்கிப் பலகையின் முதுகில் ஏறும்.

என் பதில்: கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையால் வார்த்த கல் அது. நல்ல ஆளை வைத்துக் கழுவித் தேய்த்துப் பாருங்கள், ஒரு மூலையில் கொஞ்சம் போதும். அதற்கப்புறமும் மரம் வேண்டும் என்று தோன்றினால், மாடியில் சிமென்ட் தரை இருக்குமே, அங்கே போடுங்கள்.

கேள்வி: 1970களில் கட்டின வீடு. மேல்மாடியில் கார்பெட்டைக் கழற்றிப்போட்டு மரத்தரை போட விருப்பம். பேஸ்மென்டிலும் போட யோசனை. நத்தாருக்கு (கிறிஸ்துமஸ்) முன்னம் முடிக்கலாமோ? (ஸ்கார்பரோ, கனடா)

பதில்: உங்களுக்குப் பிரச்சினை தலைகீழ். இங்கே காற்றில் ஈரம் கூடுதல். அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டதும் காற்று வறண்டுபோகும். ஹியூமிடிஃபையர் வைத்து 35 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பாருங்கள். பலகை வருவதற்குக் குறைந்தது ஐந்து நாள் முன்பிருந்தே வழக்கமான சூடு வீட்டில் ஓடட்டும். பெட்டிகளைக் கராஜில் வைக்கவே கூடாது.

கார்பெட்டை எடுத்த பிறகு, அதைப் பிடித்திருந்த சுவரோர முள் சட்டங்கள், அப்புறம் நூற்றுக்கணக்கான ஸ்டேபிள் பின்கள். முழங்காலில் உட்கார்ந்து குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கவேண்டும், வேறு வழி கிடையாது. பிறகு அறை முழுக்க மெதுவாக நடந்து, கிறீச்சிடும் இடங்களில் சாக்பீஸால் குறியிட்டு, அடிப்பலகையைக் கீழே உள்ள உத்திரத்தோடு ஸ்க்ரூவால் இறுக்குங்கள். மரத்தரை போட்ட பிறகு இந்தச் சத்தத்தை நிறுத்தவே முடியாது. அடிப்பலகைக்கும் புதுப் பலகைக்கும் ஈர வித்தியாசம், மூன்று அங்குலமும் அதற்கு மேலும் அகலமான பலகைக்கு, 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

பேஸ்மென்டில் ஒரு எச்சரிக்கை. கார்பெட்டுக்கு அடியில் ஒன்பது அங்குலச் சதுரத் தரை ஓடுகள் இருந்தால் கை வைக்காதீர்கள். அந்தக் காலத்து ஓடுகளிலும் அதன் கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. தேய்ப்பதும் உடைப்பதும் அதைக் காற்றில் கலக்கும். முதலில் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கவேண்டும். அதனால் நத்தாருக்குள் மேல்மாடியை முடியுங்கள், பேஸ்மென்ட் பிறகு.

கேள்வி: வார்ட்ரோப், மாடுலர் கிச்சன் எல்லாம் தரைக்கு முன்னாலா, பின்னாலா? பெயின்ட்? (பெருங்குடி)

பதில்: ஆணியடித்து நிறுத்தும் அலமாரிகள் முதலில், தரை அவற்றின் ஓரத்தில் வந்து நிற்கட்டும். மிதக்கும் தரை மேல் கனமான அலமாரியை ஏற்றிப் பொருத்தினால், பலகை நகர வழியில்லாமல் வேறெங்காவது மேலெழும்பும். சுவரைச் சுற்றி 10 முதல் 12 மில்லிமீட்டர் சந்து விடுவதும் இதற்காகத்தான். அதை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். பழைய டைல்ஸ் ஸ்கர்ட்டிங் இருந்தால் அதை எடுப்பதா, அதன் முன்னால் மரச் சட்டம் வைப்பதா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பெயின்ட்டில் கடைசிக் கோட் மட்டும் தரைக்குப் பிறகு.

கேள்வி: வேலை நடக்கும் நாளில் நாங்கள் என்ன தயார் செய்துவைக்க வேண்டும்? பத்தாவது மாடி. (சோழிங்கநல்லூர்)

பதில்: அறை முழுக்கக் காலியாக இருக்கவேண்டும், கட்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டே போடுவதெல்லாம் ஆகாது. அறுக்கும் மெஷினுக்கு பால்கனியில் இடமும் 15 ஆம்ப் பிளக்கும் கொடுங்கள், தூள் வீட்டுக்குள் வராது. சத்தம் போட எந்த நேரம் அனுமதி என்று அசோசியேஷனில் கேட்டு வையுங்கள். பலகையில் 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக வாங்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். மீன்முள் வடிவம் என்றால் இன்னும் கொஞ்சம் வேண்டும்.

அப்புறம், லிஃப்ட்டை அளந்துவிடுங்கள். நீளப் பலகைகள் 2.2 மீட்டர் வரை வரும். பெட்டி உள்ளே நிற்காவிட்டால் பத்து மாடியும் படியேற்றித்தான் ஆகவேண்டும், அதற்குக் கூலி தனி. ஆர்டர் கொடுக்கும்போதே யார் தருவது என்று பேசிக்கொள்ளுங்கள்.