கேள்வி பதில்: கரடிக் காட்டுக்கு எந்தக் கைத்துப்பாக்கி?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துப்பாக்கி பற்றியவை, எல்லாம் அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள் எழுதியவை. வேட்டைக் காலம் நெருங்குகிறது போல. தனித்தனியாக இழுக்காமல் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மொன்டானாவில் எட்டு வருடமாக இருக்கிறேன். ரைஃபிளில் மான் வேட்டை பழக்கம் உண்டு. இந்த வருடம் கைத்துப்பாக்கியால் அடித்துப் பார்க்க ஆசை. மலையில் கூடாரம் போட்டுத் தங்கும்போது கிரிஸ்லி கரடி வந்தாலும் அதே துப்பாக்கி கைகொடுக்க வேண்டும். ரொம்பப் பலமானது .50 டெசர்ட் ஈகிள்தானே, அதையே வாங்கிவிடலாமா?

பதில்: வாங்கலாம். யார் தூக்குவது? தோட்டா போடாமலே அது கிட்டத்தட்ட இரண்டு கிலோ. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இடுப்பு பெல்ட்டில் கட்டிக்கொண்டு ஒரு நாள் மலை ஏறிப் பாருங்கள், மத்தியானத்துக்குள் அது முதுகுப் பைக்குள் போயிருக்கும். பைக்குள் இருக்கும் துப்பாக்கி கரடிக்கு உதவும், உங்களுக்கு உதவாது.

பலம் இல்லை என்று சொல்லவில்லை. 300 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு, சுமார் 1,400 அடி-பவுண்டு ஆற்றல், சாதாரணக் கைத்துப்பாக்கி எதுவும் பக்கத்தில் வராது. ஆனால் நீங்கள் கேட்பது இரண்டு வேலை, அவை இரண்டும் எதிரெதிர் திசையில் இழுக்கின்றன. மான் வேட்டையில் அவகாசம் உண்டு: மரத்தில் சாய்ந்து, மூச்சைப் பிடித்து, மான் விலா காட்டும் வரை காத்திருந்து சுடலாம், அதற்கு நீளக் குழலும், சிவப்புப் புள்ளி காட்டிக் குறி வைக்க உதவும் ரெட் டாட் கண்ணாடியும் வசதி. கரடி அப்படி இல்லை. ஓட ஆரம்பித்தால் மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வரும், அதாவது நீங்கள் பார்த்த இருபத்தைந்து மீட்டரைக் கடக்க இரண்டு விநாடி கூட ஆகாது. அந்த நேரத்தில் துப்பாக்கி உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், ஒரே இழுப்பில் கைக்கு வர வேண்டும், முதல் குண்டுக்கு அப்புறம் இரண்டாவது குண்டும் குறி தப்பாமல் போக வேண்டும். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். உதை பலமாக இருந்தால் இரண்டாவது குண்டு வானத்துக்குப் போகும்.

இரண்டு வேலைக்கும் ஒரே துப்பாக்கி என்றால் என் ஓட்டு 10 மிமீ ஆட்டோ என்ற தோட்டாவைச் சுடும் துப்பாக்கிக்கு. குளோக் 20-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்: 4.6 அங்குலக் குழல், மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டி) 15 தோட்டா, வெறும் எடை 800 கிராமுக்குள், முழுக்க நிரப்பினால் சுமார் 1.1 கிலோ. வடகிழக்கு கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர் பனிக்கரடிக்காக இடுப்பில் வைத்திருப்பது இதைத்தான். வேட்டைதான் முதல் நோக்கம் என்றால் ஆறு அங்குலக் குழலோடு வரும் குளோக் 40, ரெட் டாட் மாட்டவும் அதில் இடம் இருக்கிறது. குளோக்கின் பிடி கைக்கு ஒத்துவரவில்லையா, சிக் சாவர், ஸ்மித் அண்ட் வெஸன், ஸ்பிரிங்ஃபீல்டு எல்லாருமே 10 மிமீ செய்கிறார்கள். எதுவானாலும் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள், 10 மிமீ தோட்டா நீளம் என்பதால் பிடி முன்னும் பின்னும் பருமனாகத்தான் இருக்கும், சின்னக் கைக்கு விசை எட்டாது.

எவ்வளவு தூரத்தில் மானைச் சுடலாம் என்று அடுத்து கேட்பீர்கள். இருபது சென்டிமீட்டர் அகல வட்டம் ஒன்றை அட்டையில் வரைந்து, மேசையில் கையை ஊன்றாமல், காட்டில் எப்படி நிற்பீர்களோ உட்காருவீர்களோ அப்படியே ஐந்து குண்டு சுடுங்கள். ஐந்தும் உள்ளே விழும் தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. நிறைய பேருக்கு அது முப்பது கஜத்திலேயே நின்றுவிடும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நன்றாகப் பழகியவர்களுக்கும் 10 மிமீயில் ஐம்பது கஜம் போதும் என்பேன். மான், காட்டுப்பன்றி, கருங்கரடி வரை சரி. எல்க் என்ற பெரிய மான் வேண்டாம், ரைஃபிள்தான் இருக்கிறதே.

ஒன்று விட்டுப்போயிற்று. உறையை இடுப்பில் வைக்காதீர்கள், பையின் இடுப்புப் பட்டை அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மார்புக்குக் குறுக்கே கட்டும் செஸ்ட் ஹோல்ஸ்டர் வாங்குங்கள்.

கேள்வி: 10 மிமீ, எஃப்.பி.ஐ.யே தூக்கிப்போட்ட தோட்டா என்று படித்தேன். அதைப் போய் எப்படி நம்புவது?

பதில்: தூக்கிப்போட்டது உண்மை, பலம் போதாமல் அல்ல. இந்தத் தோட்டா 1983-இல் பிரென் டென் என்ற துப்பாக்கியோடு வந்தது. பின்னால் இருந்தவர் கைத்துப்பாக்கிப் பயிற்சி நிபுணர் ஜெஃப் கூப்பர். ஸ்வீடனின் நார்மா கம்பெனி செய்த முதல் தோட்டாவில் 200 கிரெயின் குண்டு விநாடிக்கு 1,200 அடி வேகத்தில் போனது. துப்பாக்கியை விற்ற கம்பெனி 1986-இல் படுத்துவிட்டது, பணம் கட்டியவர்களில் பலருக்குத் துப்பாக்கி வந்தது, மேகசின் வரவில்லை! 1987-இல் கோல்ட் கம்பெனி டெல்டா எலைட் என்ற 10 மிமீ துப்பாக்கியைக் கொண்டுவந்ததால்தான் தோட்டாவே பிழைத்தது.

இதற்கு நடுவில் 1986 ஏப்ரல் 11-இல் மயாமியில் நடந்த சண்டையில் எஃப்.பி.ஐ. ஏஜெண்டுகள் இரண்டு பேர் இறந்தார்கள். இன்னும் ஆழமாகத் துளைக்கும் தோட்டா வேண்டும் என்று தேடி அவர்கள் 10 மிமீயைப் பிடித்தார்கள். ஆனால் முழு பலத்தில் சுட்டால் உதை அதிகம், அதனால் 180 கிரெயின் குண்டை 950 அடி வேகத்துக்குக் குறைத்தார்கள். அவ்வளவு குறைத்த பிறகு இவ்வளவு நீளத் தோட்டா எதற்கு என்று ஸ்மித் அண்ட் வெஸன் கேட்டது, வெட்டிச் சின்னதாக்கியது, அதுதான் 1990-இல் வந்த .40 தோட்டா.

பழைய கதைதானே என்று விட்டுவிடாதீர்கள். இன்றைக்கும் கடையில் 10 மிமீ என்று போட்ட பெட்டிகளில் பல அந்த .40 பலத்தில்தான் இருக்கின்றன. பெட்டியின் பக்கவாட்டைத் திருப்பிப் பாருங்கள். 180 கிரெயின், 1,030 அடி என்று இருந்தால் அது சுமார் 420 அடி-பவுண்டு, அட்டையைச் சுட்டுப் பழக நல்லது. 220 கிரெயின், 1,200 அடி என்று இருந்தால் 700. துப்பாக்கி ஒன்றுதான், வாய்க்குள் என்ன போடுகிறீர்கள் என்பதுதான் கணக்கு.

கேள்வி: மானுக்கும் கரடிக்கும் ஒரே குண்டு போதுமா?

பதில்: போதாது. மானுக்கு உள்ளே போய் விரியும் குண்டு, சீக்கிரம் விழும். கரடிக்கு விரியாத, தட்டை மூக்குள்ள கடினக் குண்டு, தடித்த எலும்பையும் தசையையும் தாண்டிப் போக வேண்டும். வேட்டைக்கு ஒரு மேகசின், முகாமுக்கு ஒரு மேகசின், அடியில் ஒன்றுக்கு மட்டும் கலர் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடினக் குண்டில் பெரும்பாலானவை மேலே செம்பு உறை இல்லாத ஈயக் கலவை. குளோக்கின் கையேடு அப்படிப்பட்ட ஈயக் குண்டைத் தன் குழலில் போட வேண்டாம் என்கிறது, ஈயம் படிந்து அழுத்தம் ஏறும் என்பதால். வேறு கம்பெனிக் குழல் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு, செம்பு உறை போட்ட கடினக் குண்டைத் தேடிப் பிடிக்கிறவர்களும் உண்டு. இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும், தொல்லை குறைவு.

கேள்வி: ரிவால்வர் சிக்காது, ஆட்டோமேட்டிக் சிக்கும், கரடிக்கு முன்னால் சிக்கினால் கதை முடிந்தது என்கிறார் என்னோடு வேட்டைக்கு வரும் பெரியவர். சரியா?

பதில்: பெரியவர் சொல்வதில் முக்கால்வாசி சரி. ஒரு நண்பரின் 10 மிமீயைப் பயிற்சித் திடலில் வாங்கிச் சுட்டபோது எனக்கே நடந்தது. நான்காவது குண்டில் மணிக்கட்டைத் தளர்த்திவிட்டேன், ஸ்லைடு (குழலுக்கு மேல் முன்னும் பின்னும் ஓடும் பகுதி) முழுக்கப் பின்னால் போகவில்லை, சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே வராமல் புகைபோக்கி மாதிரி செங்குத்தாக நின்றது. மறுபடி விசையை அழுத்துகிறேன், ஒன்றும் இல்லை. தப்பு துப்பாக்கியுடையது அல்ல, என் மணிக்கட்டுடையது. திடல் என்பதால் சிரித்துவிட்டு எடுத்துப் போட்டேன்.

இன்னொன்று இதைவிட மோசம், அதைப் பலர் யோசிப்பதே இல்லை. விலங்கு மேலே விழுந்து, குழல் முனை அதன் உடம்பில் அழுந்தினால், ஸ்லைடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் தள்ளப்படும், அந்த நிலையில் பல ஆட்டோமேட்டிக்குகள் வெடிக்காது. ரிவால்வருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர் முனையை ஒரு விரல்கடை பின்னால் இழுத்துச் சுட வேண்டும், கீழே கிடக்கும்போது அது ஞாபகம் வருமா என்பது வேறு விஷயம்.

சரி, மீதிக் கால்வாசி? .44 மேக்னம் ரிவால்வரில் ஆறு தோட்டாதான், உதை கடுமை, பயந்த கையால் இன்னொரு ஆறைப் போடுவது நடக்காத காரியம். பெரியவர் நாற்பது வருடமாக ரிவால்வரில் சுடுகிறார் என்றால் அவருக்கு அதுதான் சரி. உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லையென்றால் 10 மிமீ.

கேள்வி: ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கலாமா? கூட வேலை செய்பவர் வாங்கியிருக்கிறார்.

பதில்: கூட இருப்பவரைப் பார்த்து இதைச் செய்யாதீர்கள். உங்களைப் போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ ஒற்றைத் தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், சில விலக்குகள் தவிர. அதில் முக்கியமான விலக்கு, அமெரிக்காவில் முறையாக வாங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். அதனால் முதலில் வேட்டைக் கல்வி வகுப்பு, அப்புறம் உரிமம், அப்புறம்தான் கடை. உரிமத்தின் தேதி முடிந்த மறுநாள் வீட்டில் துப்பாக்கி இருந்தால் விலக்கும் போயிற்று. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள், குடியுரிமை, கிரீன் கார்டு என்று எவ்வளவோ அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கைத்துப்பாக்கியைக் கடையில் வாங்க எல்லாருக்கும் 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

மாநிலச் சட்டமும் தனி. பென்சில்வேனியா 2017-இல் சிறு விலங்குகளுக்குச் செமி ஆட்டோமேட்டிக் (ஒரு அழுத்துக்கு ஒரு குண்டு, அடுத்தது தானாக ஏறும்) ரைஃபிளை அனுமதித்தபோதும் மானுக்கு அனுமதிக்கவில்லை. உங்கள் மாநிலத்தின் அந்தந்த வருடத்து வேட்டை விதிப் புத்தகத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

கேள்வி: சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்குக் காரில் போகிறோம். கைத்துப்பாக்கியைக் கொண்டுபோகலாமா?

பதில்: நடுவில் கனடா இருக்கிறதே! அங்கே கைத்துப்பாக்கி கட்டுப்பாட்டில் உள்ள ஆயுதம், 2022 அக்டோபரிலிருந்து விற்பதும் வாங்குவதும்கூட முடக்கம். சுற்றுலாவுக்கு இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டலாம் என்ற எண்ணமே வேண்டாம். காரில் மறந்து வைத்திருந்தேன் என்று எல்லையில் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? மிளகாய்க் காரம் பீய்ச்சும் கரடி ஸ்பிரே போதாதா?

பதில்: நடக்க மட்டும் போகிறீர்கள் என்றால் என்னுடைய பதிலும் அதுதான். அலாஸ்காவில் ஸ்பிரே பயன்படுத்திய சம்பவங்களை ஆராய்ந்து 2008-இல் வந்த ஆய்வில், பழுப்புக் கரடிகளிடம் (கிரிஸ்லியும் இந்த இனம்தான்) பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் அது வேலை செய்திருக்கிறது. குறி பார்க்க வேண்டியதில்லை, மேகம் மாதிரி விரியும். எதிர்க்காற்று, பலத்த மழை, கூடாரத்துக்குள் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். தேசியப் பூங்காக்களில் 2010-இலிருந்து மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் பார்வையாளர் மையம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் கூடாது. ஸ்பிரேவுக்கும் பூங்காவுக்குப் பூங்கா விதி மாறும், யோசெமிட்டியில் அனுமதி இல்லை, யெல்லோஸ்டோனில் எடுத்துப் போகச் சொல்கிறார்கள்.

வேட்டைக்காரர் நிலை வேறு. அடித்த மானைக் குனிந்து உரித்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு கையும் இரத்தத்தில் இருக்கும்போதுதான் வாசனை பிடித்து கிரிஸ்லி வரும். அங்கே ஸ்பிரே பெல்ட்டில், துப்பாக்கி மார்பில், இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்று கிரிஸ்லியைச் சுட நேர்ந்தால் உடனே வனவிலங்குத் துறைக்குச் சொல்லியாக வேண்டும், அது பாதுகாக்கப்பட்ட விலங்கு.

விமானத்தில் ஸ்பிரேவை எந்தப் பெட்டியிலும் விடமாட்டார்கள், இறங்கிய ஊரில் வாங்குங்கள். கூடவே மிளகாய் இல்லாத பயிற்சி டப்பா ஒன்றையும் வாங்கி, காலையில் காட்டுக்குள் போகும் முன் பாதுகாப்புக் கொக்கியைக் கட்டைவிரலால் நான்கைந்து தடவை தட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.