அமைச்சர் பதவி இல்லாத ஒரு உறுப்பினரால் சட்டசபையில் என்ன செய்துவிட முடியும்?

கட்சி பலமோ பதவியோ இல்லாத உறுப்பினரால் கை தூக்குவதைத் தவிர வேறென்ன முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய முடியும். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-ல் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமன உறுப்பினராக வந்தார். அப்போது அது ஒரே அவைதான். துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவையில் இருந்தது ஏறக்குறைய மூன்றே ஆண்டுகள்.

அவைக்கு வந்த ஆண்டே, கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை, அதாவது தேவதாசிகளாக நேர்ந்துவிடுவதை, நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறியது. ஆனால் தீர்மானம் என்பது அரசுக்குச் செய்யும் பரிந்துரைதானே, சட்டம் ஆகாது. இதன் பிறகு அவர் செய்த வேலைதான் என்னை வியக்க வைக்கிறது.

பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு அடியில் நிலம் இருந்தது. கோயில் ஊழியத்துக்காகக் கொடுத்த மானிய நிலம் அது. வீட்டில் ஒரு பெண் ஊழியத்தைத் தொடர்ந்தால்தான் நிலம் தங்கும். நிறுத்தினால் கைவிட்டுப் போகும். மனம் மாறிய தாயும் மகளைப் பொட்டுக்கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை. தாய்வழியில் தேவதாசிக் குடும்பத்தைச் சேர்ந்த முத்துலட்சுமிக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்காது. கோயில் நிர்வாகத்துக்கான அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1929-ல் அது சட்டமானது. ஊழியத்துக்குப் பதில் தீர்வை, அதாவது நில வரி, கட்டினால் போதும், நிலம் அந்தப் பெண்களிடமே இருக்கும். அமைச்சராக இல்லாத ஒருவர் சாதித்தது இது!

தேவதாசிகளில் பலர் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தங்கள் கலையையும் பிழைப்பையும் ஒரேயடியாக இழிவாகப் பேசுகிறார்கள் என்று அரசுக்கு மனு கொடுத்தார்கள். அந்த வருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் நிலத்தை அவர்கள் கையிலேயே விட்ட திருத்தம், வெறும் தடையைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம் பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவைக் கையில் எடுத்தார். அது சட்டமாகும் முன்பே, 1930-ல் காந்தி கைதானபோது பதவியை உதறிவிட்டு வெளியே வந்துவிட்டார். தடைச் சட்டம் 1947-ல் ஓமந்தூரார் ஆட்சியில்தான் வந்தது. இடையில் எத்தனை சிறுமிகளின் வாழ்க்கை போயிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

அதற்காக அவர் விலகியதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண்களுக்கு விடுதிகளில் இடம் மறுத்தபோது, தன் வீட்டிலேயே தங்க வைத்தார். ஆதரவற்ற பெண்களுக்கான அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டதும் அவர் முயற்சியால்தான்.