கனடாவின் தேசிய வாசகத்துக்கு என்ன பொருள்? அது எங்கே பயன்படுகிறது?

நீங்கள் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தேர்வுக்கான விடை சிறியதுதான். ‘ஆ மாரி உஸ்க்வே ஆட் மாரே’ என்ற லத்தீன் வாசகத்துக்குப் பொருள் ‘கடல் தொடங்கிக் கடல் வரை’. பைபிளின் 72ஆம் சங்கீதத்தில் வருவது. 1921இல் அரசுச் சின்னத்தில் சேர்ந்தது. அந்தச் சின்னம் கடவுச்சீட்டின் அட்டையிலும் இருக்கிறது.

டொரொன்டோவின் ஸ்காப்ரோ பகுதியில் நம்மவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பக்கத்தை மட்டும் அவசரமாகப் புரட்ட எனக்கு மனம் வராது. 1986 ஆகஸ்டில் அகதிகளாக வந்த இலங்கைத் தமிழர் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில், நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் அட்லாண்டிக்கில் தத்தளித்தார்கள். மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். 2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ கப்பல் இலங்கைத் தமிழர் 492 பேருடன் பசிபிக் கரைக்கு வந்தது. அவர்களைத் தடுப்பில் வைத்தார்கள். அப்படி அடைபட்டிருந்த தம்பி ஒருவர் என் வகுப்பில் படித்தார். வாசகத்தைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு, "அண்ணா, இரண்டு கடலாலும் நாங்கள் வந்திருக்கிறோமே" என்றார். அதன் பிறகு, யாரும் கேட்காமலே, கப்பலில் குடிநீரை அளந்து கொடுத்த கதையைச் சொன்னார். அன்று பாடம் அதற்கு மேல் நகரவில்லை.

நாடுபிடித்தவர்களின் வாசகத்தைக் கொண்டாடலாமா என்று யாராவது கேட்கக்கூடும். முதற்குடிகளின் நிலத்தைத்தான் அந்த இரண்டு கடல்களுக்கும் நடுவே அளந்து எடுத்தார்கள் என்பதை நான் மறைக்கவில்லை, வகுப்பிலும் சொல்கிறேன். வடக்கே ஆர்க்டிக் பெருங்கடல் விடுபட்டதும் நியாயமான குறைதான்.

ஆனால் சின்னத்தில் இன்னொரு லத்தீன் வரியும் உண்டு. 1994இல் கேடயத்தைச் சுற்றி ஒரு நாடா சேர்த்தார்கள். ‘மேலான நாட்டை நாடுகிறவர்கள்’ என்பது அதன் பொருள். எபிரெயர் நிருபத்தில், சொந்த மண்ணை விட்டுப் புறப்பட்டவர்களைப் பற்றிச் சொன்னது. கப்பலில் வந்தவர்களை ‘வரிசையில் நிற்காமல் புகுந்தவர்கள்’ என்று ஏசியவர்களின் கடவுச்சீட்டிலும் அந்த வரி இருக்கிறது. ஏசியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒருவர் காசு வாங்கிக்கொண்டு வினா விடைத் தாள்களை விற்கிறார். "பொருள் எதற்கு, மனப்பாடம் செய்தால் போதும்" என்பாராம். இருபது கேள்விகளில் பதினைந்துக்குச் சரியாக விடை எழுதினால் தேர்ச்சி. அரசின் ‘டிஸ்கவர் கனடா’ கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தயவுசெய்து அந்தத் தாள்களுக்குக் காசு கொடுக்காதீர்கள்.