துபாய்க்காரருக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்கலாமா? விற்கலாம், பணம் வரும் வழியைப் பார்த்து

கேள்வி இது: "மறைந்த அப்பாவின் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்க விளம்பரம் போட்டேன். துபாயில் இருக்கும் ஒருவர் நேரில் பார்க்காமலே கேட்ட விலைக்கு எடுக்கிறேன் என்கிறார். கப்பலில் ஏற்றிக்கொண்டு போவாராம். நம்பலாமா? பாதுகாப்பாக விற்பது எப்படி?"

நான் மார்த்தாண்டத்துக்காரன். என்னிடம் இருந்த 2012 மாடல் ஆடி டிடி காரைப் போன டிசம்பரில்தான் விற்றேன். வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் முழுப் பொய். இன்னொருவர் நூற்றுக்கு நூறு நல்ல மனிதர். ஆனால் அந்த நல்ல மனிதர் சொன்ன வழியில் பணம் வாங்கியிருந்தால்தான் எனக்குப் பெரிய வம்பு வந்திருக்கும். அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

முதல் ஆள் 971-இல் தொடங்கும் அமீரக நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தார். நான் சொன்ன 13 லட்சத்துக்கு மறுபேச்சே இல்லை. ஷிப்பிங் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துக்கொள்வார் என்றார். இரண்டு நாள் பேசியும் வண்டியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. டிடி மாதிரி வண்டியை வாங்க வருகிறவர் முதலில் கேட்பது கியர்பாக்ஸைப் பற்றித்தான். அதில் இருக்கும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் ரிப்பேர் செலவு லட்சத்தில் வந்து நிற்கும். இதைக் கேட்காமல் 13 லட்சம் கொடுக்கிறேன் என்கிறவருக்கு வண்டி தேவையில்லை.

மூன்றாம் நாள் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். வங்கிகள் நாடு விட்டு நாடு பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் மூலம் பணம் அனுப்பியதற்கான ரசீதாம். பார்க்க அசலாகவே இருந்தது. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு எங்கள் வங்கிக் கிளைக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி அம்மா கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. பால்பாயின்ட் பேனாவின் நுனியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு எண்ணினார். "ஸ்விஃப்ட் கோடு எட்டு எழுத்து இருக்கணும், இல்லன்னா பதினொண்ணு. இதுல பத்து இருக்கு சார்" என்றார். அப்புறம் கீழே ஒரு வரியைக் காட்டினார். என் கணக்கு எண்ணுக்கு முன்னால் ஐபான் என்று போட்டு ஒரு நீள எண் இருந்தது. ஐபான் என்பது சில நாடுகள் பயன்படுத்தும் சர்வதேச வங்கிக் கணக்கு எண். அமீரகத்துக் கணக்குக்கு அது உண்டு. இந்தியக் கணக்குக்கு அப்படி ஒன்று கிடையாது. ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்துவிட்டது. உங்களுக்கும் இப்படி ரசீது வந்தால் போனில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம். தாளில் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய்விடுங்கள்.

அன்று சாயங்காலமே அடுத்த மெயில். பணம் ரிசர்வ் வங்கியில் நிற்கிறது, மாற்றுக் கட்டணம் 48,500 ரூபாய் கட்டினால் என் கணக்குக்கு விடுவிப்பார்கள் என்று. ரிசர்வ் வங்கி தனி மனிதர்களின் பணத்தை வைத்துக்கொண்டு கட்டணம் கேட்பதில்லை. பணம் வரவேண்டிய இடத்தில் உங்களைப் பணம் கட்டச் சொன்னால், அது எந்தப் பெயரில் வந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். "கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியை ஷிப்பிங் ஏஜென்டுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்பதும் இதே வகைதான். க்யூஆர் கோடு அனுப்பி "ஸ்கேன் செய்தால் பணம் வரும்" என்பதும் அப்படியே. பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. ஒருவேளை கட்டிவிட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

உங்கள் துபாய்க்காரரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். நம் வண்டிக்கு ஸ்டீயரிங் வலது பக்கம். வளைகுடா நாடுகள் எல்லாவற்றிலும் இடது பக்கம். அமீரகத்தில் வலது பக்க ஸ்டீயரிங் வண்டியைச் சாதாரணமாகப் பதிவு செய்ய விடமாட்டார்கள். அப்படியிருக்க, இந்தக் காரைத் துபாய்க்குக் கொண்டுபோய் என்ன செய்வார்? என்னிடம் பேசியவர் இந்தக் கேள்விக்குப் பிறகு பதில் போடவில்லை.

சரி, இரண்டாவது ஆள். இவர் பாறசாலைக்காரர், மஸ்கட்டில் வேலை. லீவில் ஊருக்கு வரும்போது ஓட்ட ஒரு நல்ல வண்டி வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. எங்கள் பக்கத்தில் "வெளிநாட்டு ஆள் வாங்குகிறார்" என்றால் பத்தில் ஒன்பது தடவை இதுதான்: ஆள் வெளிநாட்டில், வண்டி இங்கேயே. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர் வீடு. முதல் போனிலேயே கேட்டார், "அண்ணே, கியர்பாக்ஸ் ஆயில் மாத்தியாச்சா? பில் இருக்கா?" அவருடைய மெக்கானிக் வந்து வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் டார்ச் அடித்து, ஒரு மணி நேரம் வீடியோ காலில் காட்டினார். குளிர்ந்த எஞ்சினை என் கண் முன்னால் ஸ்டார்ட் செய்தார். விலையில் 60,000 குறைத்தார்கள், நியாயமாகத்தான்.

பேரம் படிந்த பிறகு சொன்னார்: "அண்ணே, மாமா கையில பைசா இருக்கு. நாளைக்கே வீட்டுல கொண்டு தருவாரு."

எல்லைப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது என்ன என்று தெரியும். நாம் உண்டியல் பணம் என்போம், அந்தப் பக்கம் குழல்பணம் என்பார்கள். மஸ்கட்டில் ஒருவரிடம் ரியால் கொடுத்தால், இங்கே ஒருவர் ரூபாய் கொண்டு வந்து கொடுப்பார். வீட்டுச் செலவுக்கு அப்படி அனுப்பியே பழகிய குடும்பங்கள் உண்டு; அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பணத்தை வாங்குகிற நமக்கு அது இரண்டு பக்கமும் வெட்டும். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போடலாம். அபராதம், பணத்தைக் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கியவருக்கு. இது 2017 ஏப்ரல் முதல் இருக்கிறது. அதோடு, வெளிநாட்டில் இருப்பவர் சொல்லி இங்கே இன்னொருவர் கையிலிருந்து வங்கி வழியில்லாமல் பணம் வாங்குவது 1999-இன் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை மீறுவது. தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் உண்டு.

ரொக்கம் வேண்டாம் என்றதும், "அப்போ ஃப்ரெண்டு கணக்குலேருந்து போடச் சொல்லட்டா?" என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். 2023-இல் கேரளத்தில் சின்னச் சின்னக் கடைக்காரர்களின் வங்கிக் கணக்குகள் முடங்கிப்போனது ஞாபகம் இருக்கும். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. வேறு மாநிலத்தில் யாரோ ஏமாற்றிய பணத்தின் ஒரு துளி யுபிஐ வழியாக அவர்கள் கணக்குக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். முகம் தெரியாதவர் கணக்கிலிருந்து வரும் பல லட்சம் அப்படிப்பட்ட பணமாக இருந்தால், வண்டியும் போய், கணக்கும் முடங்கி, எங்கோ இருக்கும் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு நாம் கடிதம் எழுதிக்கொண்டிருப்போம்.

பணம் வந்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள், யார் பெயரில் உள்ள கணக்கிலிருந்து வந்தது என்று பாருங்கள். ஆர்சி-யில் யார் பெயர் ஏறப்போகிறதோ அவர் கணக்கிலிருந்தே முழுப் பணமும் வர வேண்டும். பாறசாலைக்காரருக்கு என்ஆர்இ கணக்கு, அதாவது வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் இங்குள்ள வங்கியில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு, இருந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் பெரும்பாலோருக்கு அது இருக்கும். அதிலிருந்து, பெரிய தொகையை வங்கிக்கு வங்கி உடனே அனுப்பும் ஆர்டிஜிஎஸ் முறையில் போட்டார். 2020 டிசம்பரிலிருந்து இது 24 மணி நேரமும் இயங்குகிறது. என் எஸ்எம்எஸ்ஸை நம்பாமல், கிளைக்குப் போய்ப் பாஸ்புக்கில் அவர் பெயரும் அந்தப் பரிமாற்றத்துக்கான 22 எழுத்து யுடிஆர் நம்பரும் பதிந்ததைப் பார்த்தேன். அப்புறம்தான் சாவி. வெளிநாட்டுக் கணக்கிலிருந்து நேராக வந்தால் அந்நிய வரவுச் சான்றிதழை வங்கியில் கேட்டு வாங்கி வையுங்கள். வெளிநாட்டுச் செக் மட்டும் வேண்டவே வேண்டாம். கணக்கில் வரவு வைத்த பிறகும் வாரக்கணக்கில் கழித்துத் திரும்பி வரும்.

பணத்துக்கு அடுத்தபடி பெயர் மாற்றம். இதில்தான் நம் ஆட்கள் ரொம்பவே அசட்டையாக இருக்கிறார்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29-லும் 30-லும் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது: வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து நட்டஈடு அவர் பொறுப்பு. வேகமாக ஓடும் வண்டியை விற்கிற நீங்களும் நானும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு வண்டி கேரளப் பெயருக்குப் போக ஃபார்ம் 28-இல் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வாங்க வேண்டும். போனட்டைத் திறந்து, சேசிஸ் நம்பர் மேல் செல்லோடேப்பை ஒட்டி, பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து ஃபார்மில் ஒட்டுவார்கள். நாள்பட்ட தூசியைத் துடைத்துவிட்டு எடுங்கள்; என்னுடையதில் ஒரு எண் மங்கலாக விழுந்து திருப்பி அனுப்பினார்கள், ஒரு நாள் வீண். வண்டி மேல் வாங்கிய கடன் பாக்கி முடிந்திருந்தால், ஆர்சி-யிலிருந்து அந்தக் கடனை நீக்கும் ஃபார்ம் 35-ம் சேர வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளிலும், வேறு மாநிலத்துக்கு விற்றால் 45 நாளிலும் நாம் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் வெளிநாட்டில் இருந்தால் ஃபார்ம் 30-இல் யார் கையெழுத்துப் போடுவது? அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவர் ஆஃப் அட்டர்னியைத் தம்பிக்கோ அப்பாவுக்கோ அனுப்பலாம். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். எங்கள் விஷயத்தில் அவரே கிறிஸ்துமஸ் லீவில் வந்து கையெழுத்துப் போட்டார்.

வண்டியைக் கொடுத்த நாளில் டெலிவரி லெட்டரில் தேதி மட்டுமல்ல, மணி நிமிடமும் எழுதினோம்: மாலை 4.20. கேரளத்தில் 2023 ஜூன் முதல் ஏஐ கேமரா அபராதம் ஓடுகிறது, மொத்தம் 726 கேமரா. பெயர் மாறும்வரை அந்த நோட்டீஸ் எல்லாம் என் போனுக்குத்தான் வரும். ஃபாஸ்டேக்கை அன்றே கழற்றிக் கணக்கை மூடினேன். இல்லாவிட்டால் அவர் பைபாஸில் திருவல்லம் டோலைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் என் பணம் போகும். அதோடு 25,000 ரூபாயைப் பிணைத்தொகையாக என்னிடம் நிறுத்திக்கொண்டேன். புது ஆர்சி அவர் பெயரில் வந்த அன்று திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தேன். அவர் வருத்தப்படவில்லை. பிப்ரவரியில் கேஎல் நம்பர் ஆர்சி-யின் போட்டோ வந்தது, அன்றே அனுப்பிவிட்டேன்.

இப்போது கேரளத்தில் வாங்குபவர்கள் ஷோரூமின் அசல் இன்வாய்ஸையும் கேட்பார்கள். 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாகக் கடத்தி வந்த சொகுசு வண்டிகளைத் தேடிச் சுங்கத்துறை 'நும்கோர்' என்ற பெயரில் நடத்திய சோதனைக்குப் பிறகு அந்தப் பயம் வந்துவிட்டது. அதனால் பழைய ஃபைலை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

நிஜமாகவே கப்பலில்தான் போகவேண்டும் என்றால்? இங்கிலாந்து, மலேசியா மாதிரி வலது பக்க ஸ்டீயரிங் நாட்டுக்குத்தான் அர்த்தம் உண்டு. சிங்கப்பூரும் அப்படித்தான், ஆனால் மூன்று வயதுக்கு மேற்பட்ட பழைய காரை உள்ளே விடமாட்டார்கள். என் யோசனை, நீங்கள் ஏற்றுமதி செய்ய வேண்டாம். ஏற்றுமதி கோடு வைத்திருக்கும் இந்திய ஏற்றுமதியாளரை வாங்குபவரே பிடிக்கட்டும். நீங்கள் அவருக்கு ரூபாயில், இங்கேயே விற்றுவிடுங்கள். சுங்கம், பதிவு ரத்து, கன்டெய்னர் எல்லாம் அவர் பாடு. அப்படியும் நீங்களே அனுப்பினால், பில் ஆஃப் லேடிங் எனும் கப்பல் ரசீதுதான் வண்டியின் சாவி. வழக்கமாக மூன்று அசல் தருவார்கள். முழுப் பணமும் கணக்கில் ஏறும்வரை ஒன்றுகூட கையை விட்டுப் போகக் கூடாது.

கடைசியாக, உங்கள் கேள்வியில் நான் முதலிலேயே கவனித்தது: வண்டி மறைந்த அப்பாவுடையது, இன்னும் அவர் பெயரில்தான் இருக்கும் போலிருக்கிறது. அப்படியென்றால் யாருக்கும் இப்போது விற்க முடியாது. தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, இறப்புச் சான்றிதழோடு ஃபார்ம் 31 கொடுத்து, மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதற்குச் சில வாரம் ஆகும் என்று துபாய்க்காரரிடம் சொல்லிவிடுங்கள். வண்டியை நிஜமாக விரும்புகிறவர் என்றால் காத்திருப்பார்.