வலி வரவைப்பது, வீட்டில் பெறுவது: மருத்துவிச்சி பதில் சொல்கிறேன்

கொழும்பில் 28 வருடம் பிரசவ அறையில் நின்றவள் நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து: 41 வாரம். நாளைக்கு வலி வரவைக்க வார்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சேலைன் ஏற்றினால் வலி தாங்க ஏலாது என்கிறார்களே?

தங்கச்சி, போனவுடன் சேலைன் இல்லை. முதலில் கருப்பை வாய் இளகியிருக்கிறதா என்று கையால் பார்ப்பார்கள். இறுகி மூடியிருந்தால் மெல்லிய குழாயொன்றை விட்டு, அதன் நுனியிலுள்ள பலூனில் தண்ணீர் நிரப்புவார்கள். இல்லாவிட்டால் ப்ரொஸ்டாகிளான்டின் மருந்து வைப்பார்கள். வாய் இளகின பிறகுதான் தண்ணிக்குடத்தை உடைத்து, கருப்பையை இறுக்கி வலி வரவைக்கும் ஒக்சிடோசின் மருந்து கலந்த சேலைன். இளகுவதற்கே ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் போகும். "நேற்று வந்தேன், இன்னும் ஒன்றும் இல்லையே" என்று பிள்ளைகள் அழுவது அந்த நேரத்தில்தான். உடம்புக்கு அவ்வளவு நேரம் தேவை, அவ்வளவுதான்.

சேலைன் வலி சட்டென்று ஏறும், அது உண்மை. அதனால்தான் துளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பிள்ளையின் இதயத்துடிப்பையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 10 நிமிடத்தில் 5 தடவைக்கு மேல் வயிறு இறுகினால் நேர்ஸைக் கூப்பிடுங்கள், துளியைக் குறைக்க வேண்டிவரும். வலிக்கு மருந்து கேட்க வெட்கப்படாதீர்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: நாள் தாண்டி இரண்டு நாள். பயமா?

இல்லை. கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். பிள்ளையின் அசைவு குறைந்தால் விடியும்வரை இருக்காமல் அப்போதே போங்கள்.

தெஹிவளையிலிருந்து: முதல் பிள்ளை சிசேரியன். இப்போது வலி வரவைக்கலாமா?

பழைய தையல் பிரியும் ஆபத்து இருக்கிறது. உங்கள் கன்சல்டன்ட்தான் சொல்ல வேண்டும்.

மட்டக்குளியிலிருந்து: விளக்கெண்ணெய் குடித்தால் வலி வருமா?

வயிற்றோட்டமும் வாந்தியும் வரும். வேண்டாம்.

பம்பலப்பிட்டியிலிருந்து: முதல் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் என்னைக் கத்தினார்கள். இரண்டாவதை வீட்டிலேயே பெற நினைக்கிறேன்.

கத்தியது பிழை, அதை மறக்கச் சொல்லமாட்டேன். இங்கிலாந்தில் 2011இல் வந்த பெரிய ஆய்வில், ஆபத்தில்லாத தாய்மார் இரண்டாவது பிள்ளையை வீட்டில் பெற்றபோது குழந்தைக்குக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. முதல் பிள்ளையென்றால் தெரிந்தது: குழந்தை இறப்பதோ கடுமையாகப் பாதிக்கப்படுவதோ ஆஸ்பத்திரியில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. ஆனால் அங்கே பதிவுபெற்ற மருத்துவிச்சி மருந்தோடு வீட்டுக்கு வருவார். இங்கே யார் வருவார்?

மாளிகாவத்தையிலிருந்து ஓர் அம்மா: என் தாய் ஆறையும் வீட்டில்தான் பெற்றா. எல்லாரும் நல்லா இருக்கிறோம்.

சந்தோஷம் அம்மா. அந்தக் காலத்தில் பிள்ளையைப் பெற்றுவிட்டு எழும்பாமலே போனவர்களின் பிள்ளைகள் இன்று இங்கே எழுத வரமாட்டார்கள். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றருக்குமேல் இரத்தம் ஓடும். பிறந்த பிறகு கருப்பை இறுகாவிட்டால் அது வெளியே கொட்டும். மேலே சொன்ன அதே ஒக்சிடோசின், பிறந்த நிமிடத்தில் 10 யூனிட் தொடையில் போட்டால் இறுக்கும். அதைக் குளிரில் வைத்திருக்க வேண்டும், போடத் தெரிந்த கையும் வேண்டும்.

அதே அம்மா: ஆஸ்பத்திரியிலும் சாகிறார்கள்தானே?

சாகிறார்கள். ஆனாலும் அங்கே இரத்தம் ஏற்றலாம், ஒப்பரேஷன் தியேட்டர் பக்கத்தில். மாலை ஐந்தரைக்கு காலி வீதி நெரிசலில், 1990 இலக்கத்துக்கு அடித்துக் கூப்பிடும் அம்புலன்ஸ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

கிராண்ட்பாஸிலிருந்து: நாள் தாண்டி மூன்று நாள்...

கொட்டாஞ்சேனைக்குச் சொன்னதை வாசியுங்கள், தங்கச்சி. அசைவு எப்படி?

பம்பலப்பிட்டி தங்கச்சி மறுபடியும்: சரி, ஆஸ்பத்திரிதான். தனியே கிடக்கத்தான் பயம்.

சில ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவரை விடுகிறார்கள். அடுத்த கிளினிக்கிலேயே கேளுங்கள், கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். உங்கள் வட்டாரத்து மிட்வைஃப் மிஸ்ஸிடமும் போன தடவை நடந்ததைச் சொல்லிவையுங்கள்.