எஸ்.யூ.வி. எடுத்தால் மண் ரோட்டில் ஓட்டலாமா?

கேள்வி: டாலஸில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் சேர்த்து ஐந்து பேர். அக்டோபரில் லாஸ் வேகஸில் வாடகைக் கார் எடுத்து ஸயான், பிரைஸ் கேன்யன், கேப்பிடல் ரீஃப், மொனுமென்ட் வேலி என்று ஒரு வாரம் சுற்ற எண்ணம். சில இடங்களில் மண் ரோடு என்பதால், கூடுதல் பணம் போனாலும் 4 வீல் டிரைவ் எஸ்.யூ.வி. எடுக்கச் சொல்கிறார் நண்பர். தேவையா?

பதில்: ஐந்து பேரும் பெட்டிகளும் அடங்க வேண்டுமே என்று பெரிய வண்டி எடுத்தால் சரி. மண் ரோட்டுக்காக என்றால் வேண்டாம்.

பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில், தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். எஸ்.யூ.வி.க்கும் அதே வரிதான். மீறினால், கவுன்ட்டரில் நாளுக்கு இவ்வளவு என்று விற்கிறார்களே, அந்தச் சேதப் பாதுகாப்பு செல்லாமல் போகலாம். கிரெடிட் கார்டு தரும் பாதுகாப்பும் பல சமயம் அங்கே கைவிட்டுவிடும். நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது ஊழியர் டார்ச் அடித்துக் குனிந்து, சக்கரத்துக்கு மேலே ஒட்டியிருந்த செம்மண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அப்புறம் பம்பருக்கு பில் வந்தது.

ஸயான், பிரைஸ், கேப்பிடல் ரீஃப் மூன்று பூங்காக்களிலும் முக்கியச் சாலைகள் எல்லாம் தார்தான். பிரைஸிலிருந்து கேப்பிடல் ரீஃபுக்கு 12-ஆம் எண் சாலையில் போங்கள். எஸ்கலான்டேக்கும் போல்டருக்கும் நடுவில் ஓரிடத்தில் இரண்டு பக்கமும் பள்ளம். உயரம் என்றால் பயப்படுகிறவரை முன் சீட்டில் உட்கார வைக்காதீர்கள்.

கவனம் தேவைப்படுவது அதற்குப் பிறகு, மொனுமென்ட் வேலிக்குப் போகும் வழியில்தான். ஹாங்க்ஸ்வில்லில் டேங்கை நிரப்பிக்கொண்டு 95-ஆம் எண் சாலையைப் பிடித்ததும், குறுக்கு வழி என்று போன் 261-ஐக் காட்டும். அதில் மோக்கி டக்வே என்ற இறக்கம் வருகிறது. சுமார் 3 மைல் சரளைக் கல், கொண்டை ஊசி வளைவுகள், 1,100 அடி ஆழம். பிளான்டிங், பிளஃப் வழியாகச் சுற்றிப் போனால் முழுக்கத் தார்.

மொனுமென்ட் வேலி நவாஹோ என்ற பழங்குடி மக்களின் பூங்கா. தேசியப் பூங்காக்களின் ஆண்டு பாஸ் அங்கே செல்லாது, தனிக் கட்டணம். உள்ளே 17 மைல் மண் பாதை. எஸ்.யூ.வி.க்குக் கொடுக்க இருந்த கூடுதல் பணத்தில் நவாஹோ வழிகாட்டியின் வண்டியில் ஏறிவிடுங்கள். பலதும் பக்கம் திறந்த வண்டிகள், முகத்தில் கட்ட ஆளுக்கொரு துண்டு வேண்டும்.