பாக்கு நீரிணையைக் கடக்க எந்த வழி? கேள்வி பதில்

மதுரை வாசகர்: தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் சுமார் 30 கி.மீ.தானே? அந்த வழியில் ஏன் கப்பல் இல்லை?

முன்பு இருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு கோட்டை வரை போகலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடித் துறையும் தண்டவாளமும் அழிந்தன. அதற்குப் பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் போர்ச் சூழலில் 1984-இல் நின்றது. தலைமன்னார் ரயில்பாதையை 2015-இல் திரும்பத் திறந்துவிட்டார்கள். நடுவில் அந்த 30 கி.மீ. மட்டும் விட்டுப்போய்விட்டது. அந்தப் பாதை மறுபடி வர வேண்டும் என்பதே என் ஆசையும்.

திருச்சி வாசகர்: நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலில் எவ்வளவு நேரம் ஆகும்?

தூரம் ஏறக்குறைய 60 கடல் மைல், அதாவது 110 கி.மீ. கடலில் சுமார் நான்கு மணி நேரம். ஆனால் அதை மட்டும் வைத்துத் திட்டமிடாதீர்கள். திருச்சியிலிருந்து நாகைக்குச் சாலையில் மூன்று மணி, புறப்படுவதற்கு முன் சுங்கம், குடிவரவுச் சோதனைக்கு இரண்டு மணி, இறங்கியதும் மறுபடி ஒரு மணி, அங்கிருந்து யாழ்ப்பாண நகருக்கு 18 கி.மீ. எல்லாம் கூட்டினால் பத்து மணி நேரத்துக்கு மேல். திருச்சியிலிருந்து பலாலிக்கு, அதாவது யாழ்ப்பாண விமான நிலையத்துக்கு, விமானம் ஒரு மணி நேரத்தில் போய்விடும். நேரம்தான் முக்கியம் என்றால் விமானமே மேல்.

சென்னை வாசகி: கொழும்பு பலாலியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம். ஆனாலும் பறக்கும் நேரம் ஒன்றுபோல் இருக்கிறதே, எப்படி?

வித்தியாசம் விமானத்தில். சென்னையிலிருந்து பலாலி நேர்கோட்டில் 355 கி.மீ., கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க 645 கி.மீ. பலாலி ஓடுபாதை குட்டை என்பதால் அங்கே ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம்தான் இறங்குகிறது. அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவு. கொழும்புக்குப் போகும் ஜெட் 800-ஐத் தாண்டும். அதனால் இரண்டுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி. ஆனால் யாழ்ப்பாணம்தான் போக வேண்டும் என்றால் கொழும்பில் இறங்காதீர்கள். கட்டுநாயக்கவிலிருந்து கோட்டை ரயில் நிலையத்துக்கே 30 கி.மீ.க்கு மேல். அதன் பிறகு யாழ்ப்பாண ரயிலில் ஆறேழு மணி நேரம்.

யாழ்ப்பாண வாசகர்: அண்ணை, அம்மாவைச் சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேணும். கப்பல் ஒத்துவருமோ? அவவுக்குப் பிரயாணத்தில சத்தி வரும்.

சிதம்பரம் என்றால் கப்பல் வசதிதான், தம்பி. நாகையிலிருந்து காரைக்கால், சீர்காழி வழியாகச் சுமார் 80 கி.மீ. திருச்சியில் இறங்கினால் அதைப்போல இரண்டு மடங்கு. ஆனால் மாதத்தைப் பாருங்கள். இந்தக் கடல் ஆழம் குறைந்தது. காற்று எழும்பினால் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வந்து மோதும். ஆழ்கடல்போல நீண்டு தாலாட்டாது, குலுக்கும். பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதி. அம்மாவைக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் உட்காரவையுங்கள். முன்பக்கம் வேண்டாம், அங்கேதான் ஏற்ற இறக்கம் அதிகம். குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுங்கள். குமட்டத் தொடங்கிய பிறகு கொடுத்தால் வயிற்றில் தங்காது. வெறும் வயிறும் கூடாது, இரண்டு இட்லி போதும்.

தஞ்சாவூர் வாசகர்: நவம்பரில் கப்பலில் முன்பதிவு செய்யலாமா?

வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேவையை நிறுத்திவைப்பது வழக்கம். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய சேவையே சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில்தான் 'சிவகங்கை' கப்பல் வந்தது. நல்ல மாதத்திலும் காற்றால் பயணம் ரத்தாகலாம். திரும்பி வரும் அன்றே சென்னையில் வேறு விமானம் பிடிக்க வேண்டியிருந்தால், நடுவில் ஒரு நாளாவது விடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால், கப்பல் தாமதத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பேற்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து இன்னொருவர்: இந்திய இ-விசா இருந்தால் எந்தத் துறையிலும் இறங்கலாமோ?

இல்லை. குறிப்பிட்ட விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் மட்டுமே இ-விசாவில் நுழைய முடியும். உங்கள் துறை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள்.